மடிக்கணினியும் வகுப்பறையும்

பள்ளிப் படிப்புக்கு மடிக்கணினி பயன்படுமா, படாதா என்னும் கேள்வி இன்று வீடுதோறும் எழுகின்றது. பெற்றோர் ஒரு விடை கூறுகின்றனர். ஆசிரியர் மற்றொரு விடை கூறுகின்றனர். அக்கருவியை மடியில் வைத்துப் பழகிய மாணவர் என்ன கூறுகின்றனர் என்று கேட்பார் மிகச் சிலரே. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து, 2017இல் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். மாணவர் என்னிடம் கூறியவற்றையும், வகுப்பில் நான் கண்டவற்றையும், பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து இவ்விடயத்தை உங்களுக்கு விளக்க முயல்கின்றேன். இதில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அதையும் மறையாது கூறுவேன்.

முதலில், மடிக்கணினி எத்தகைய பொருள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில் 'துணைக்கருவிகள்' என்றொரு பாடம் உண்டு. உலகப் படம், உலக உருண்டை, மாதிரி உருவங்கள், மின்னட்டைகள் ஆகியவற்றை வகுப்பில் எவ்வாறு கையாள்வது என்று அதில் கற்பிப்பர். எங்கள் பேராசிரியர் இரண்டு விதிகளை வற்புறுத்துவார். வேண்டிய நேரத்தில் கருவியைக் காட்ட வேண்டும் என்பது ஒன்று; வேலை முடிந்தவுடன் அதனை அகற்றிவிட வேண்டும் என்பது மற்றொன்று. பாடம் தொடங்கும்போதே படத்தைத் தொங்கவிட்டால், பிள்ளைகள் பாடத்தைக் கேளாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பர் அன்றோ? ஒருமுறை நான் இதயத்தின் படத்தை இரவெல்லாம் விழித்திருந்து வரைந்து, செய்முறைப் பாடம் நடத்தினேன். என் பாடக்குறிப்பேட்டில் பேராசிரியர் எழுதியது இதுதான்: "படம் நன்று. படத்தைக் கொண்டு கேட்ட கேள்வி எங்கே?" மடிக்கணினியைப் பற்றி நான் சொல்ல இருப்பவற்றுக்கெல்லாம் அந்தக் கேள்வியே அடிப்படை.

மடியில் வைத்துப் பயிலும் கணினி என்னும் எண்ணம் அலுவலகத்துக்காகப் பிறந்தது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அஃதன்று. அமெரிக்க அறிஞர் ஆலன் கே என்பவர் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்றில், புத்தகத்தின் அளவில் ஒரு கணினியைக் கற்பனை செய்தார். அதனைச் சிறுவர்களுக்காகவே அவர் எண்ணினார். குழந்தை ஒன்று அதனைக் கொண்டு தானே எழுதவும் வரையவும் இசையமைக்கவும் இயலவேண்டும் என்பது அவர் கருத்து. அன்று அத்தகைய பொறியைச் செய்யும் திறன் எங்கும் இல்லை. பின்னர் 1981இல், கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினி ஒன்று முதன்முதலாகச் சந்தையில் வெற்றி கண்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். அதன் திரை 5 அங்குலம்! அதனை வெளியிட்டவர் ஆடம் ஆஸ்பர்ன். அவர் தம் இளமைப் பருவத்தைத் திருவண்ணாமலையில் கழித்தவர் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அவருடைய தந்தையார் இரமண மகரிஷியின் அடியவராக அங்கு வாழ்ந்தவர். ஆஸ்பர்ன் தம் இறுதிக் காலத்தில் மீண்டும் நம் நாட்டுக்கு வந்து, 2003இல் கொடைக்கானலில் மறைந்தார்.

இக்கருவி பள்ளிக்குள் நுழைந்த வரலாறும் அறியத்தக்கது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்று 1990ஆம் ஆண்டையொட்டி மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு மடிக்கணினி வைத்துப் பயிலும் முறையைத் தொடங்கியது. அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2002இல் தன் அரசுப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு மாணவர்க்கெல்லாம் மடிக்கணினி தந்து, அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கும் அதனை விரிவாக்கியது. நம் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயில்வோர்க்கும், கல்லூரி மாணவர்க்கும் கணினிகள் வழங்கப்பட்டன. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் 50 இலட்சம் அளவுக்குக் கணினிகள் மாணவர் கைகளைச் சென்றடைந்தன. இடையில் சில ஆண்டுகள் திட்டம் நின்றிருந்தது. 2025 மார்ச்சு மாத வரவுசெலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அரசு அறிவித்தது.

வழங்குவது ஒன்று; பயன்படுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை நான் என் பள்ளியிலேயே கண்டேன்.

எங்கள் பள்ளி கொங்கு நாட்டில் விசைத்தறி ஓசை கேட்கும் ஒரு சிற்றூரில் இருந்தது. 2012ஆம் ஆண்டின் இறுதியில், அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னர், பன்னிரண்டாம் வகுப்புக்குரிய மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு பெட்டிகளை எண்ணினர். நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தனை பெட்டிகளையும் ஆய்வகத்து அறையில் அடுக்கிப் பூட்டி, திறவுகோலை என் மேசை அறையில் வைத்துக்கொண்டேன். பொதுத்தேர்வு நெருங்குகிறது, இப்பொழுது கொடுத்தால் திரைப்படம் பார்ப்பார்கள், தேர்ச்சி விழுக்காடு குறையும் என்பது என் அச்சம். அக்காலத்தில் என்னைப் போல எண்ணிய தலைமையாசிரியர் வேறு சிலரும் இருந்தனர். ஆயினும் பலர் செய்தனர் என்பதால் பிழை சரியாகிவிடாது.

அப்பொழுது மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்தான். அவன் தந்தையார் கூலிக்குத் தறி ஓட்டுபவர். மீட்டர்க் கணக்கில் கூலி. அந்த ஆண்டு தமிழ்நாடெங்கும் மின்வெட்டு மிகுதி என்பதை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பர். நாள்தோறும் மின்சாரம் எத்தனை மணி நேரம் இருந்தது, எத்தனை மீட்டர் துணி இறங்கியது என்று அவன் ஒரு குறிப்பேட்டில் இரண்டு மாதமாக எழுதி வந்திருந்தான். "ஐயா, மின்சாரம் பாதி நேரம் இருந்தால் துணியும் பாதி வரவேண்டுமல்லவா? அதற்கும் குறைவாகத்தான் வருகிறது. கணினியில் விரிதாள் என்று ஒன்று உண்டாமே? அதில் போட்டுப் பார்த்தால் வரைபடம் தெரியுமாம். ஒரு நாள் திறந்து கொடுப்பீர்களா?" என்று கேட்டான். நான் அவன் தோளைத் தட்டி, "தம்பி, முதலில் தேர்வு முடியட்டும்" என்றேன். அவன் சரி என்று போய்விட்டான். 2013 மார்ச்சு மாதம், கடைசித் தேர்வு முடிந்த பிறகு, கையொப்பம் வாங்கிக்கொண்டு அவனுக்குரிய கணினியை அவனிடம் கொடுத்தேன். அந்த மாணவனைப் பற்றி இறுதியில் மீண்டும் கூறுவேன்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் மாணவர் பலர் தம் அனுபவங்களை என்னிடம் கூறினர். அவை மூவகைப்படும்.

முதல் வகையினர் அதனைப் படம் பார்க்கும் பெட்டியாகவே கண்டவர். நண்பனிடமிருந்து நினைவகக் குச்சியில் படங்களை வாங்கிக் கண்டு, மின்கலம் பழுதான பின் அதனைப் பரணில் போட்டனர். இவர்களை நாம் எளிதில் குறைகூறுகிறோம். ஆனால் அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தோமா? பாடநூலில் ஒரு பக்கமேனும் அக்கணினியைத் திறந்து செய்யவேண்டிய வேலையைக் கேட்டதா? அக்காலத்தில் இல்லை என்றே சொல்லவேண்டும்.

இரண்டாம் வகையினர் அதனை வேறு தேவைக்குப் பயன்படுத்தியவர். மாணவி ஒருத்தி மின்வெட்டு இரவுகளில் கணினியைத் திறந்து, வெறும் வெள்ளைத் திரையை வைத்துக்கொண்டு, அதன் வெளிச்சத்தில் விலங்கியல் படித்ததாகக் கூறினாள். மின்கலம் இரண்டு மணி நேரம் தாங்குமாம். சிரித்துக்கொண்டுதான் கூறினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகின் நூலகங்களையெல்லாம் அடக்கவல்ல ஒரு பொறி எங்கள் ஊரில் மண்ணெண்ணெய் விளக்கின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் சிறியர். தட்டச்சுப் பழகினோர், படம் வரைந்தோர், அண்ணன் ஒருவனிடம் கேட்டு நிரல் எழுதக் கற்றோர் இவர்கள். இவர்களை உசாவியபோது ஓர் உண்மை புலப்பட்டது. இவர்களுள் ஒவ்வொருவர்க்கும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். அண்ணனோ, மாமனோ, அண்டை வீட்டுக் கல்லூரி மாணவரோ, எவரேனும் ஒருவர். முதல் வகையினர்க்கும் மூன்றாம் வகையினர்க்கும் இடையே அறிவில் வேற்றுமை இல்லை. ஆர்வத்திலும் வேற்றுமை இல்லை. கேட்பதற்கு ஆள் இருந்ததும் இல்லாததுமே வேற்றுமை.

இஃது எங்கள் ஊரில் மட்டும் கண்ட காட்சியா? அன்று. உலக அளவில் நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதனையே காட்டுகின்றன.

தென் அமெரிக்க நாடாகிய பெரு, 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்னும் இயக்கத்தைப் பின்பற்றி, சிற்றூர்ப் பள்ளிகளுக்குக் கணினிகளை அனுப்பியது. அவ்வியக்கத்தை 2005இல் உலகறியச் செய்தவர் நிக்கோலாஸ் நெக்ரோபான்டி. குழந்தை கையில் கணினி இருந்தால் அது தானே கற்றுக்கொள்ளும் என்பது அவ்வியக்கத்தாரின் உறுதியான நம்பிக்கை. பெருவின் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுள் 300க்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்து, 2012இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டபோது, கணக்கிலும் மொழியிலும் மாணவர் பெற்ற மதிப்பெண்ணில் வேற்றுமை காணப்படவில்லை. பொதுச் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் சில தேர்வுகளில் மட்டும் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. கணினி வந்தது, ஆனால் அதனைக் கொண்டு எந்தப் பாடத்தில் என்ன செய்வது என்று ஆசிரியருக்கு யாரும் போதிய அளவு சொல்லித்தரவில்லை.

இதற்கு மாறாக, மேலே கூறிய மெயின் மாநிலத்தில் ஆசிரியர்க்குப் பயிற்சி அளிப்பதைத் திட்டத்தின் பகுதியாகவே வைத்தனர். அங்கு எட்டாம் வகுப்பு மாணவரின் கட்டுரைத் திறன் 2000க்கும் 2005க்கும் இடையே உயர்ந்ததாக ஆய்வாளர் கண்டனர். காரணம் யாதெனில், மாணவர் கணினியில் முதற்படி எழுதி, ஆசிரியர் கருத்துக் கேட்டு, திருத்தி, மீண்டும் எழுதினர். தாளில் எழுதும் மாணவன் ஒரு பத்தியை இடம்மாற்ற வேண்டுமானால் முழுவதையும் மறுபடி எழுதவேண்டும். ஆகவே அவன் பெரும்பாலும் மாற்றமாட்டான். கணினியிலோ மாற்றுவது எளிது. மாற்றிப் பார்க்கும் மனமே நல்ல எழுத்துக்கு அடிப்படை. திருத்தச் சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தபோதுதான் அந்த எளிமை பயன் தந்தது என்பதை மறத்தலாகாது.

வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று, 15 அகவை மாணவரிடையே நடத்திய பன்னாட்டுத் தேர்வின் முடிவுகளைக் கொண்டு, 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் கணினிகளுக்குப் பெரும்பொருள் செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணக்கிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று அது கூறிற்று. பள்ளியில் கணினியை அளவாகப் பயன்படுத்தியவர், அதனை அரிதாகப் பயன்படுத்தியவரைவிடச் சற்றே மேம்பட்டிருந்தனர். மிகுதியாகப் பயன்படுத்தியவரோ பின்தங்கியிருந்தனர். உணவில் உப்பின் அளவு போன்றதே இதுவும் எனலாம்.

மிகுதியான பயன்பாடு ஏன் தீங்காகின்றது? கனடாவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதனை நன்கு விளக்குகின்றது. விரிவுரை நடக்கும்போது சிலரைக் கணினியில் வேறு வேலைகளையும் செய்யுமாறு பணித்தனர். பின்னர் நடந்த தேர்வில் அவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றனர், இதில் வியப்பில்லை. அவர்களுடைய திரை கண்ணில் படும்படி பின்னே அமர்ந்திருந்தவரும் குறைந்த மதிப்பெண்ணே பெற்றனர் என்பதுதான் வியப்பு! கல்லூரி மாணவர்களே, உங்கள் திரை உங்கள் கவனத்தை மட்டுமன்று, உங்களுக்குப் பின்னே இருப்பவன் கவனத்தையும் கவர்கின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

குறிப்பெடுத்தல் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கணினியில் குறிப்பெடுப்போர் விரைவாகத் தட்டச்சு செய்வதால், சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிடுகின்றனர்; கையால் எழுதுவோர் நேரம் போதாமையால் சுருக்கி எழுத வேண்டியவராகின்றனர்; சுருக்குவதற்குச் சிந்திக்க வேண்டும்; ஆகவே அவர்களே பொருளை நன்கு உணர்கின்றனர் என்று 2014இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதினர். பின்னர் 2019இல் வேறு சிலர் அதே சோதனையை மீண்டும் செய்தபோது, வேற்றுமை அவ்வளவு திட்டவட்டமாகப் புலப்படவில்லை. எனவே பேனாவா கணினியா என்று வழக்காடுவதைவிட, கேட்டதை உம் சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதும் பழக்கத்தைக் கைக்கொள்வதே அறிவுடைமை.

இனி, வகுப்பறையில் மடிக்கணினி உண்மையாகவே பயன்பட்ட இரண்டு காட்சிகளைக் கூறுகின்றேன்.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த கணக்காசிரியை ஒருவர், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பாடவேளைக்கு மட்டும் மாணவர் கணினி கொண்டுவர இசைவு வேண்டினார். நான் அரைமனத்தோடு இசைந்து, வகுப்பின் பின்வரிசையில் போய் அமர்ந்தேன். அவர் கற்பித்தது இருபடிச் சமன்பாட்டின் வரைபடம். ஆஸ்திரியா நாட்டு மாணவர் ஒருவர் 2001இல் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜிப்ரா என்னும் விலையில்லா மென்பொருளை அவர் கணினிகளில் ஏற்றி வைத்திருந்தார். ஆனால் உடனே திறக்கச் சொல்லவில்லை. "மூடியைத் தொடாதீர்கள். இருபடி உறுப்பின் கெழு 1 ஆக இருக்கும்போது பரவளையம் இப்படி இருக்கிறது. அதனை 3 ஆக்கினால் வளைவு விரியுமா, ஒடுங்குமா? எதிரெண் ஆக்கினால் என்ன ஆகும்? உங்கள் விடையைத் தாளில் வரையுங்கள்" என்றார். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பெருக்கினால் பெருகும், ஆகவே விரியும் என்றனர் பலர். ஒடுங்கும் என்றனர் சிலர். பிறகே கணினியைத் திறக்கச் சொன்னார். எண்ணை மாற்ற மாற்ற வளைவு கண்ணெதிரே ஒடுங்கிற்று. எதிரெண்ணானவுடன் தலைகீழாகக் கவிழ்ந்தது. தோற்ற கட்சியினர் ஏன், ஏன் என்று கேட்கத் தொடங்கினர். அந்த 'ஏன்' பிறந்தவுடன் ஆசிரியை, "மூடுங்கள்" என்று கூறிக் கரும்பலகைக்குச் சென்றார். திறந்திருந்த நேரம் பத்து நிமிடம் இருக்கும். வரைபடத் தாளில் ஒரு பரவளையம் வரைவதற்கே அக்காலம் போதாது. வேண்டிய நேரத்தில் காட்டு, வேலை முடிந்ததும் அகற்று என்று என் பேராசிரியர் கூறிய விதியை, அவரைக் கண்டிராத அந்த இளம் ஆசிரியை நிறைவேற்றினார்.

மற்றொரு காட்சி தமிழ் வகுப்பிலே. எங்கள் தமிழாசிரியர் கணினியை வெறுத்தவர். தமிழைக் கெடுக்க வந்த பொறி என்பார். மாணவன் ஒருவன் அவரிடம் தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினான். சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பெற்றது அது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். 'பந்து' என்று எழுத ப, ந, த, உ போதும். நகரத்தை அடுத்துத் தகரம் வருவதால் நகரம் தானே புள்ளி பெறும். ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "இது இலக்கணம் அறிந்தவர் செய்தது" என்றார். மறுநாள் அவர் வகுப்பில் கேட்ட கேள்வி இது: "247 எழுத்துகளுக்கு 247 விசைகள் ஏன் வேண்டுவதில்லை?" உயிர் 12, மெய் 18, இவை கூடிப் பிறப்பன உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. முதலெழுத்து முப்பது என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள், அஃது ஏன் முப்பது என்பதை அன்று விரல் நுனியால் உணர்ந்தனர்.

இவ்விரண்டு காட்சிகளிலும் பொதுவாக இருப்பது யாது? பொறிக்கு முன்னே ஒரு கேள்வி இருந்தது. பொறிக்குப் பின்னே ஓர் உரையாடல் இருந்தது. இடையில் பொறி தன் வேலையைச் செய்துவிட்டு விலகிக்கொண்டது. இம்மூன்றும் சேர்ந்த இடத்துக்கே வகுப்பறை என்று பெயர்.

இன்று நிலைமை பலவாறு மாறியுள்ளது. 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகளும் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதியும் இடம்பெற்றுள்ளன. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பரணில் கிடந்த அக்காளின் கணினியைத் துடைத்தெடுத்துத் தம்பி பாடம் கேட்ட வீடுகள் பல. அக்காலத்தை நீங்களே கடந்து வந்தீர்கள். திரையில் ஆசிரியர் முகம் தெரிந்தும், பக்கத்தில் தோழன் இல்லாமற்போனது எத்துணைக் குறை என்பதை உங்களுக்கு நான் கூறவேண்டுவதில்லை. இப்பொழுதோ செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கட்டுரையைக் கேட்டால் பொறியே எழுதித் தருகின்றது. விடை இவ்வாறு எளிதாகக் கிடைக்கும் காலத்தில் கேள்வியின் மதிப்பு உயர்கின்றதேயன்றிக் குறைவதில்லை. பொறி தந்த விடை சரியா என்று பார்ப்பதற்கும் ஒருவர் முதலில் தாமே சிந்தித்திருக்க வேண்டும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்களுக்குச் சில சொற்கள். கணினியைத் திறக்குமுன், எதற்காகத் திறக்கிறேன் என்று ஒரு வரி தாளில் எழுதுங்கள். விடையைப் பார்க்குமுன் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். ஊகம் தவறினால்தான் பாடம் மனத்தில் தங்கும். ஆசிரியர் பேசும்போது மூடியை மூடுங்கள். கண்டறிந்ததை மறுநாள் ஒரு தோழனுக்கேனும் விளக்குங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் இருவருமாகத் தேடுங்கள். தெரியாது என்று சொல்ல ஆசிரியர் நாணவேண்டுவதில்லை. எனக்கு விரிதாளைக் கற்பித்தவள் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

இனி, அந்த விசைத்தறிக் குடும்பத்து மாணவனைப் பற்றிக் கூறவேண்டும். 2019இல் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அவனேதான். பனியன் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்ப்பதாகக் கூறினான். அருகிலிருந்த கடையில் தேநீர் வாங்கித் தந்தான். நான் அந்தக் குறிப்பேட்டை மறக்கவில்லை. "தறிக் கணக்கைக் கணினியில் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டேன். "எடுத்து வைத்து இரண்டு மூன்று நாள் முயன்றேன், ஐயா. வரைபடம் வரவில்லை. கேட்பதற்கு யாரும் இல்லை. அப்புறம் வேலைக்கு வந்துவிட்டேன்" என்றான். அவன் குறை கூறவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவே.

அவனுடைய கேள்வி நல்ல கேள்வி. மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும், அறுந்த இழையை முடிந்து தறியை மீண்டும் ஓட்டுவதற்குச் சிறிது நேரம் வீணாகும். ஆகவே மொத்த மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் போதாது; எத்தனை முறை மின்சாரம் நின்றது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவன் குறிப்பேட்டில் இன்னும் ஒரு பத்தி கூட்டியிருந்தால் விடை வந்திருக்கும். அதனை அன்று எங்கள் கணக்கு வகுப்பில் வைத்திருந்தால், நாற்பது பிள்ளைகளும், அவர்களுள் பாதிப் பேர் தறிக் குடும்பத்தினர், ஒரு பாடவேளையில் கண்டுபிடித்திருப்பர். கேள்வி இருந்தது, ஆசிரியர் இருந்தார், தோழர் இருந்தனர், கணினியும் அடுத்த அறையிலேயே இருந்தது. திறவுகோல் என் மேசைக்குள் இருந்தது. கணினி அவன் கைக்கு வந்த நாளில் வகுப்பறை அவனை விட்டுப் போய்விட்டது.

மடிக்கணினி பள்ளிக்குப் பயன்படுமா என்று இப்பொழுது யாரேனும் என்னைக் கேட்டால், கேட்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில் அது பயன்படும் என்றே விடை கூறுவேன். உங்கள் கையில் அது இருக்கின்றது. உங்களைச் சுற்றிலும் ஆசிரியரும் தோழரும் இருக்கின்றனர். இவை மூன்றும் ஒருங்கே வாய்த்திருக்கும் காலம் மாணவப் பருவம் ஒன்றே. அது கடந்து போகுமுன் கேளுங்கள்.